மரக்கடையும் நகரசபையும்



சுமார் நூறாண்டுகளுக்கு முன்பு இதே திருவனந்தபுரத்தில் விருதுநகர்க்காரர் ஒருவருக்கு மரக்கடை இருந்தது. அந்தக் கடையில் கணக்குப் பார்க்க, ஊரிலிருந்து தம் சகோதரி மகனை அவர் வரவழைத்துக்கொண்டார். பையனுக்கு அப்போது ஏறத்தாழ இருபது வயது. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஊரில் இன்னொரு மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தவன். கடையில் நிற்க வேண்டிய நேரத்தில் கூட்டம், ஊர்வலம் என்று ஓடிக்கொண்டிருந்தான். ஊரை விட்டுப் பிரித்தால் அரசியல் பைத்தியம் தெளியும் என்று வீட்டார் நினைத்தார்கள்.

தெளியவில்லை. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்ற கொடுமையை எதிர்த்த போராட்டம் அது. மரக்கடைப் பையன் அங்கே போய்விட்டான். வீட்டார் மறுபடியும் ஊருக்கே அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பையன்தான் காமராசர்.

இந்தக் கதையை நம் மேடைகளில் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மரக்கடையிலிருந்து ஒரே தாவலில் முதலமைச்சர் நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். இடையில் இருந்த படிகளை யாரும் சொல்வதில்லை. நமக்குப் பயன்படுவது அந்தப் படிகள்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு காமராசர் சிறை சென்றார். 1937இல் சாத்தூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். பின்னர் மீண்டும் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் மக்கள் அவரைத் தங்கள் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த ஊரில் அவர் துணி அளந்து கொடுத்தாரோ அந்த ஊரே, அவர் சிறையில் இருக்கும்போது நாற்காலியை அவர் பெயருக்கு ஒதுக்கி வைத்தது. 1941 நவம்பரில் விடுதலையானார். முழு நேரமும் கவனிக்க முடியாத பதவியில் ஒருவன் இருக்கலாகாது என்று கருதி நகரசபைத் தலைவர் பதவியை விட்டு விலகினார்.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கடையில் வேலை பார்த்த, பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவரை நகரசபை நாற்காலிக்குத் தகுதியானவர் என்று சாதாரண மக்கள் நம்பினார்கள் என்பது ஒன்று. அந்த நாற்காலி அலங்காரப் பொருள் அன்று, வேலை செய்வதற்கான இடம் என்று அவர் நினைத்தார் என்பது மற்றொன்று.

அவருக்கு முன்னால் நடந்தவர் பெரியார். ஈரோட்டில் மண்டி வியாபாரம் செய்தவர். அந்த ஊர் நகரசபைத் தலைவராக இருந்து குழாய்க் குடிநீருக்கு வழி செய்தவர். 1919இல் காங்கிரஸில் சேர்ந்தபோது நகரசபைப் பதவியோடு மற்றப் பொறுப்புகளையும் துறந்தார். 1924இல் வைக்கம் வந்து இரண்டு முறை சிறைப்பட்டார். இரண்டாம் முறை அவர் அடைபட்டிருந்தது நம் திருவனந்தபுரம் மத்தியச் சிறையில். தெருவில் நடக்கும் உரிமைக்காக அவர் சிறை சென்றதை நாம் போற்றுகிறோம். அதற்கு முன்பே ஒரு நகரத்தின் தெருக்களுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பேற்று வேலை பழகியவர் அவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி கடல் கடந்து ஒரு கதை. அது எதற்கு என்று கேட்காதீர்கள். அதுவும் பிழைக்கப் போன ஒரு தொழிலாளியின் கதைதான்.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் என்னும் ஊரில் 1871இல் ஒரு தையல்காரருக்குப் பிறந்தவர் பிரீடரிக் ஏபர்ட். குதிரைச் சேணம் தைக்கும் தொழிலைக் கற்றார். அந்நாட்டு வழக்கப்படி தொழில் கற்ற இளைஞர் ஊர் ஊராகச் சென்று வேலை பார்க்க வேண்டும். ஏபர்ட் போன ஊர்களிலெல்லாம் சேணத் தொழிலாளரைச் சங்கமாகச் சேர்த்தார். முதலாளிகள் அவர் பெயரைக் கறுப்புப் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் 1891இல் பிரேமன் என்ற துறைமுக நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் அயலூரார். சில ஆண்டுகள் கழித்து ஒரு மதுக்கடை நடத்தினார். தொழிலாளர்கள் அங்கே குடிப்பதற்கு மட்டும் வரவில்லை. வேலையில் கை அடிபட்டவர் இன்சூரன்ஸ் பணம் கேட்டு மனு எழுத வந்தார். கூலி பாக்கி வராதவர் வழி கேட்க வந்தார். 1900இல் தொழிற்சங்கங்கள் அந்த நகரத்தில் தொழிலாளர் உதவிக் காரியாலயம் ஒன்றை வைத்து ஏபர்ட்டைச் செயலாளராக அமர்த்தின. அதே ஆண்டு அவர் பிரேமன் நகர மன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த மன்றத்துக்கு அப்போது நடந்த தேர்தல் முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். வாக்காளர்களை எட்டு வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். பட்டதாரிகளுக்குத் தனி இடங்கள், வியாபாரிகளுக்குத் தனி இடங்கள். மக்கள் தொகையில் மிகப் பெரிய பகுதியான சாதாரண மக்களுக்கோ கொஞ்சம் இடங்களே. அந்த வேலியையும் தாண்டி ஒரு சேணத் தொழிலாளி உள்ளே போனார். மேடைப் பேச்சு மட்டும் அவரை அங்கே அனுப்பவில்லை. மனு எழுதிக் கொடுத்த மேஜைதான் அனுப்பியது.

கதையின் பின்பகுதியை மறைப்பது நேர்மையாகாது. ஏபர்ட் 1905இல் கட்சிக் காரியாலயத்துக்காக பெர்லின் போனார். 1919 பிப்ரவரியில் ஜெர்மன் குடியரசின் முதல் குடியரசுத் தலைவரானார். ஆனால் அதே மாதத் தொடக்கத்தில், பிரேமன் நகரத் தொழிலாளர்கள் அமைத்திருந்த கவுன்சில் ஆட்சியை ஒடுக்க அவர் தலைமையிலான அரசாங்கமே படையை அனுப்பியது. யாருடைய மனுக்களை எழுதிக் கொடுத்து மேலே போனாரோ அவர்கள் தெருவுக்கே துப்பாக்கி வந்தது. நாற்காலி பெரிதாகப் பெரிதாகப் பழைய மேஜை மறந்துபோகும் அபாயம் உண்டு. ஆகவே நம்மவர் ஒருவர் மேலே போனால் மட்டும் போதாது. அவரை அனுப்பிய மேஜையும் இங்கே இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

சரி, இந்த மூன்று பேரின் கதைக்கும் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் நிற்கிறவருக்கும், இஸ்திரி வண்டி தள்ளுகிறவருக்கும், கொத்துவேலைக்குப் போகிறவருக்கும் என்ன சம்பந்தம்?

நம் பெரியவர்களின் அரசியல் எதுவாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அது எல்லை அரசியல். திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடினார்கள். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. அப்போது முதலமைச்சராக இருந்த காமராசர் அவற்றுக்காக உறுதியாக நிற்கவில்லை என்ற குறை நம்மிடையே இன்றும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. எதுவானாலும் அன்றோடு எல்லைக் கணக்கு முடிந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களும், பிறகு பிழைக்க வந்தவர்களும் எந்த அரசியலைப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நாம் இன்னமும் எல்லைக்கு அப்பால் பார்த்தபடியே இருக்கிறோம்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. 2024 ஏப்ரல் 18 அன்று மாலை ரயில் நிலையத்தில் கண்டதைச் சொல்கிறேன். மறுநாள் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். டிக்கெட் கவுண்டர்களில் நம்மவர் வரிசை. கைக்குழந்தையோடு தாய்மார்கள், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த கொத்தனார்கள். ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு மறுநாள் இரவே திரும்ப வேண்டும். இவர்களுக்கு அரசியல் அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் 2025 டிசம்பரில் இந்த மாநகராட்சியின் 101 வார்டுகளுக்குத் தேர்தல் வந்தபோது, இவர்களில் பலர் அன்று வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கே அவர்களுக்கு ஓட்டு இல்லை.

அதன் பலனை நான் நேரில் கண்டேன். நம்மவர் வாழும் ஒரு சந்தில் சாக்கடை உடைந்து, மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பத்துப் பேராக ஒரு கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "உங்கள் சந்தில் லிஸ்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து வீடு வீடாக எண்ணினோம். முப்பத்திரண்டு குடும்பம், பட்டியலில் பதினோரு பெயர். அன்று எனக்கு அவர்மீது கோபம் வந்தது உண்மை. இரவு படுத்து யோசித்தபோது கோபம் எங்கள்மீதே திரும்பியது. இத்தனை வருடம் சங்கம் நடத்தியும் இந்தக் கணக்கை நாங்கள் எடுத்து வைத்திருக்கவில்லை.

வார்டு என்பது சிறிய விஷயம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கேரளத்தில் 1994இல் வந்த பஞ்சாயத்து, நகராட்சிச் சட்டங்களும் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும் மாநிலத்தின் திட்டப் பணத்தில் பெரிய பங்கை உள்ளாட்சிகளின் கைக்குக் கொண்டுவந்தன. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, அங்கன்வாடி, பிறப்புச் சான்றிதழ், சிறு கடைக்கு லைசென்ஸ் இவையெல்லாம் உள்ளாட்சியில்தான் தொடங்குகின்றன. வீடில்லாதவர்களுக்கு வீடு தரும் லைப் திட்டத்தின் பெயர்ப் பட்டியலும் உள்ளாட்சி வழியாகத்தான் போகிறது. தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, நகர வியாபாரக் கமிட்டியில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இட்லிக் கடை போடும் நம் சகோதரிக்கு அந்தக் கமிட்டியில் உட்கார உரிமை உண்டு. எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். ஓட்டை ஊரில் வைப்பதா, இங்கே வைப்பதா? இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2021 ஏப்ரல் 6 அன்று இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தமும் இரண்டு மாநிலங்களிலும் ஒரே சமயத்தில் நடந்தது. ஊரில் நிலம் இருக்கிறது, வயதான பெற்றோர் இருக்கிறார்கள், குலதெய்வம் இருக்கிறது. ஓட்டை எடுத்துவிட்டால் வேரே போய்விடும் என்று ஒரு பெரியவர் என்னிடம் கண் கலங்கினார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆண்டில் பாதி நாள் ஊரில் இருப்பவர் ஊரிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் இருபது ஆண்டுகளாக இங்கே வாடகை கொடுத்து, பிள்ளைகளை இங்கே பள்ளிக்கு அனுப்பி, இங்கத்துச் சாக்கடை நாற்றத்தில் வாழ்கிறவர், ஓட்டை மட்டும் ஊரில் வைத்திருப்பதால் யாருக்கு லாபம்? வேர் ஓட்டுச் சீட்டில் இல்லை. ஊர்த் திருவிழாவுக்கு ஓட்டில்லாமலும் போகலாம். ரேஷன் அட்டையைக்கூட எந்த மாநிலத்திலும் பயன்படுத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. ஓட்டுக்கு அப்படி ஏற்பாடு இல்லை.

இன்னொன்றையும் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றப் பட்டியல் வேறு. கார்ப்பரேஷன், பஞ்சாயத்துத் தேர்தல் பட்டியல் வேறு. முன்னதை இந்தியத் தேர்தல் கமிஷன் தயாரிக்கிறது. பின்னதை மாநிலத் தேர்தல் கமிஷன் தயாரிக்கிறது. ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றொன்றிலும் இருக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நம்மில் பலர்.

தடைகள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர், 1950க்குப் பிறகு இங்கே குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவரானால், கேரளத்தில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பிள்ளையின் படிப்பும் இதில் அடிபடுகிறது. ஒதுக்கப்பட்ட வார்டில் நிற்கும் வாய்ப்பும் அடிபடுகிறது. தீண்டாமை மட்டும் எல்லை தாண்டி நம்மோடு வருகிறது, சான்றிதழ் வருவதில்லை! இதற்காகத் தனிப் போராட்டமே வேண்டும். மொழியும் ஒரு தடைதான். 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசாங்கத்துக்குத் தம் மொழியில் எழுதி அதே மொழியில் பதில் பெற வழி வைத்திருக்கிறது. ஆனால் தமிழில் மனு எழுத நாமே கூச்சப்படுகிறோம். பயன்படுத்தாத உரிமை துருப்பிடித்த அரிவாளுக்குச் சமம்.

"நாம் வந்தேறிகள், இங்கத்து அரசியலில் தலையிட்டால் மலையாளிகள் வெறுப்பார்கள்" என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் தமிழர் கட்சி ஒன்று தொடங்கச் சொல்லவில்லை. அது நம்மைத் தனிமைப்படுத்தும். 2024 ஜூலையில் நம் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பொறுப்பு ரயில்வேக்கா, கார்ப்பரேஷனுக்கா என்று சர்ச்சை நடந்தது. இறந்தவர் மலையாளி. நாளை நம்மவராக இருக்கலாம். சாக்கடை மொழி பார்ப்பதில்லை. ஒரே சந்தில் வாழும் மலையாளத் தொழிலாளியோடு சேர்ந்து நின்றால்தான் வார்டில் எதையும் சாதிக்க முடியும். சென்னையிலும் மும்பையிலும் மலையாளிகள் சங்கம் வைத்துத் தங்கள் காரியங்களைச் சாதித்துக்கொள்கிறார்கள். பிழைக்கப் போன இடத்தின் கஷ்டம் அவர்களுக்கும் தெரியும்.

நம்மால் முடியுமா என்ற சந்தேகம் இருப்பவர்கள் மூணாறைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் அங்கே தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு, பெரிய சங்கத் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் பெற்றார்கள். சில வாரங்களில் வந்த உள்ளாட்சித் தேர்தலில் நின்று, தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்தில் ஓர் இடத்தையும் வென்றார்கள். கொழுந்து பறித்த கை வென்ற இடம் அது. ஆனால் பின்னால் அமைப்பு பிளவுபட்டு வலுவிழந்தது. வெற்றி ஒரு மாதத்தில் வரலாம்; அதைக் காப்பாற்ற, தினமும் திறந்திருக்கும் ஒரு மேஜை வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, நம்மவர் அதிகமாக வாழும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போடுவோம். பள்ளி இறுதி வரை படித்த நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், அங்கே உட்காரட்டும். ஓட்டர் பட்டியல், ரேஷன் அட்டை, தொழிலாளர் நல நிதி, பள்ளிச் சேர்க்கை என்று எதுவானாலும் மனு எழுதித் தரட்டும். ஒவ்வொரு சந்திலும் எத்தனை குடும்பம், எத்தனை பெயர் பட்டியலில் என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். வார்டுக் கூட்டம் எப்போது நடந்தாலும் ஐந்து பேராவது போய் உட்காரட்டும்.

அடுத்த கார்ப்பரேஷன் தேர்தல் 2030இல் வர வேண்டும். நகரத்தின் ஏதாவது ஒரு வார்டுப் பட்டியலில் பெயரும் 21 வயதும் இருந்தால் வேட்பாளராக நிற்கலாம். இடங்களில் பாதி பெண்களுக்கு. எந்தக் கட்சியின் பெயரில் நின்றாலும் சரி. அந்த மேஜையில் நான்கு வருடம் உட்கார்ந்த பெண்ணாக இருந்தால் சந்து முழுவதும் அவளை அறிந்திருக்கும். பதவியைக் கவனிக்க முடியாவிட்டால் விட்டு விலக வேண்டும் என்ற காமராசரின் கணக்கை அவளிடமும் நாம் கேட்போம். அவள் மேலே போய் நம்மை மறந்தால், மேஜை இங்கேதான் இருக்கும்; அடுத்தவரை அனுப்பும்.

1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றுப்போன காமராசரை, 1969இல் நாகர்கோவில் மக்கள்தான் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நேசமணி அவர்களின் மறைவால் காலியான தொகுதி அது. ஒரு காலத்தில் திருவிதாங்கூராக இருந்த மண். மரக்கடைப் பையனை அயலூரான் என்று அந்த மக்கள் தள்ளவில்லை. மண்ணின் மைந்தன் என்ற பேச்சு பேச்சளவில்தான். வேலை செய்கிறவனை மண் ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் சந்தில் இப்போது பட்டியலில் பத்தொன்பது பெயர். சாக்கடை இன்னும் பாதிதான் சரியாகியிருக்கிறது. மீதி பெயர்களையும் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் சந்தில் எத்தனை என்று எண்ணி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த எண்ணோடு வாருங்கள்.